ஞானஸ்நானப் பதிவேடும் சாதிச் சான்றிதழும்

மந்தாரக்குப்பத்தில் எங்கள் சனங்களுக்கு இரண்டு பதிவேடு. ஒன்று சபையில் இருக்கிற ஞானஸ்நானப் பதிவேடு. மற்றது தாலுகா ஆபீசில் இருக்கிற சாதிப் பதிவேடு. முதலாவதில் பேர் ஏறிவிட்டால் இரண்டாவதில் பட்டியல் சாதி என்று பேர் இருக்கக் கூடாது என்பது 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி போட்ட உத்தரவு. அந்த உத்தரவால் வேலை கிடைக்காமல் போனவர்கள், கிடைத்த வேலையைப் பறிகொடுத்தவர்கள், பறிபோய்விடுமோ என்று முப்பது வருஷம் பயந்துகொண்டே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள் என்று மூன்று வகை ஆட்களையும் நான் பார்த்திருக்கிறேன். முதல் வகையில் நானும் ஒருத்தன். இவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று எழுத வேண்டும் என்பது ரொம்ப நாள் எண்ணம். எந்த விசுவாசம் இவர்களை வேலையிலிருந்து தள்ளியதோ அதே விசுவாசத்தைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சபையில் இதைப் பேசினால் அரசியல் பேசாதே என்கிறார்கள். இயக்கக் கூட்டத்தில் பேசினால் மதம் பேசாதே என்கிறார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நெய்வேலியின் கதையை எல்லோரும் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தோண்டின கிணற்றிலிருந்து ஆரம்பிப்பார்கள். தண்ணிக்குத் தோண்டின இடத்தில் 1930களில் கறுப்பாக ஏதோ வந்தது. பழுப்பு நிலக்கரி என்று தெரிந்தது. 1956 நவம்பரில் கம்பெனி பதிவானது. 1957 மே 20இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் கரி தட்டுப்பட்டது. 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தில் கரண்ட் உற்பத்தி ஆரம்பம். எல்லாம் சரி. அந்தக் கிணற்றை வெட்டின கூலிக்காரன் யார் என்று மட்டும் நான் படித்த எதிலும் இல்லை.

நிலம் எடுத்தபோது நடைமுறையில் இருந்தது 1894ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம். நிலத்தின் மேல் உரிமை உள்ளவனுக்குத்தான் அதில் இழப்பீடு. பட்டா வைத்திருந்தவனுக்குப் பணம். அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நாத்து நட்டு, களை பறித்து, அறுத்து, களத்தில் கடைசியாகத் தன் பங்குக்குக் கையேந்தின படியாளுக்கு என்ன? அவனுக்கு நிலத்தின் மேல் வேர்வை இருந்ததே தவிர உரிமை இல்லை. பத்திரத்தில் பேரில்லாதவன் நிலத்தை இழந்தான் என்று எந்தச் சட்டமும் ஒத்துக்கொள்ளாது. இப்படி இழந்தும் இழக்காதவர்கள் ஆனவர்கள் சுரங்கத்தைச் சுற்றிக் குடிசை போட்டார்கள். உள்ளே நகரியம், வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ், மரம், ரோடு, பள்ளிக்கூடம். வெளியே மந்தாரக்குப்பம். கடைத்தெரு, லாரி செட்டு, துணியில் படிகிற சாம்பல், ஒப்பந்தக்காரர் வண்டி வரும் மூலை. உள்ளே இருப்பவனுக்கு வேலை நிரந்தரம். வெளியே இருப்பவனுக்குக் காலையில் மேஸ்திரி பேரைக் கூப்பிட்டால்தான் வேலை.

இந்தக் குடிசைகளில் பாதிப்பேர் எங்கிருந்தோ கிறித்தவத்தைக் கூடவே தூக்கிக்கொண்டு வந்தவர்கள். எங்கள் ஆயா வீட்டில் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நேற்று நடந்த மாதிரி பேசுவார்கள். அந்தப் பஞ்சத்தில் தென்னாற்காட்டிலும் மற்ற மாவட்டங்களிலும் சேரி சேரியாக ஞானஸ்நானம் வாங்கினார்கள். அதற்காக இன்றைக்கு வரைக்கும் 'கஞ்சிக்கு மாறினவனுங்க' என்று பேச்சு. கஞ்சி ஊத்தினவன் காலில் விழுவது கேவலம் என்றால், கஞ்சி ஊத்தாமல் சாகவிட்டவன் என்ன? ஆயா இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்: "கஞ்சி மூணு வருசத்துல முடிஞ்சி போச்சிடா. நாங்க நூறு வருசமா மாறாம கீறோம் இல்ல, அதுக்கு இன்னா சொல்றான்?" ஆதாயத்துக்காக மாறினார்கள் என்ற பழியைச் சுமப்பவர்கள்தான், 1950க்குப் பிறகு மாறாமல் இருந்த ஒரே காரணத்தால் எல்லா ஆதாயத்தையும் இழந்தார்கள். இந்த முரணைக் கஞ்சிப் பேச்சு பேசுகிறவர்கள் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

சட்டத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1935 சட்டத்தின் கீழ் 1936இல் பிரிட்டிஷ் அரசு பட்டியல் சாதிகள் ஆணையைப் போட்டபோதே இந்தியக் கிறித்தவர் எவரும் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்று எழுதிவிட்டது. ஆகவே இதைத் தொடங்கியவன் கிறித்தவ வெள்ளைக்காரனே. சுதந்திர இந்தியா 1950இல் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தியாக அதை இன்னும் இறுக்கியது. இந்து அல்லாதவர் எவரும் பட்டியல் சாதி இல்லை. 1956இல் சீக்கியர்களுக்கு விலக்கு. 1990இல், வி.பி.சிங் ஆட்சியில், பௌத்தர்களுக்கு விலக்கு. அம்பேத்கர் நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவியது 1956இல். அவர் பின்னால் போனவர்களின் பிள்ளைகளுக்கு இந்த உரிமை திரும்பி வர 34 வருஷம் ஆனது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் கதவு திறக்கவில்லை. தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தார்கள், எத்தனை தலைமுறைக்கு முன்னால் மாறியிருந்தாலும் சரி என்று. இதைப் பெரிய சலுகை என்று சொல்பவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஆதிதிராவிடர் நலத்துறை உதவித்தொகைக்கு நாங்கள் 'மதம் மாறிய ஆதிதிராவிடர்'. படிப்பு முடிந்து வேலை என்று வரும்போது, நிலமும் கடையும் சாதிச் சங்கமும் உள்ளவர்களோடு ஒரே வரிசையில் 'பிற்படுத்தப்பட்டவர்'.

மத்திய அரசு வேலையில் அதுவும் இல்லை. மாணவர்கள் பலருக்கு இது தெரியாததால் அழுத்திச் சொல்கிறேன். மண்டல் பரிந்துரைப்படி மத்திய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு நடைமுறைக்கு வந்தது 1993 செப்டம்பரில்தான். அதற்கு முன் ஒரு சேரிக் கிறித்தவன் மத்திய நிறுவனம் ஒன்றில் மனுப் போட்டால் அவன் பொதுப் பிரிவு. அக்கிரகாரத்துப் பையனுக்கும் அவனுக்கும் ஒரே மார்க். மந்தாரக்குப்பம் மாதிரி, மத்திய அரசு நிறுவனத்தைச் சுற்றியே பிழைப்பு நடக்கிற ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணெதிரே புகைபோக்கி. பக்கத்து வீட்டில், அதே சாதியில், அதே குடிசையில், அதே பறையடித்த தாத்தனுக்குப் பேரனாகப் பிறந்து, நெற்றியில் விபூதி வைத்தவனுக்கு இருக்கிற வழி உனக்குக் கிடையாது. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குக் கிடைத்தது அவன் உரிமை.

1988இல் எனக்கு நடந்தது இதுதான். ஐ.டி.ஐ. முடித்து அப்ரண்டிஸ் முடித்து வெளியூரில் ஒரு மத்திய நிறுவனத்துக்குப் போனேன். பேர் வேண்டாம். எழுத்துத் தேர்வில் தேறி, தொழில் தேர்வில் தேறி, சான்றிதழ் பார்க்கிற நாளில் நின்றது. என் சான்றிதழில் 'கிறித்தவ ஆதிதிராவிடர், பி.சி.' என்று இருந்தது. அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், டீ வாங்கித் தரச் சொன்னார். "தம்பி, இதுக்கு இங்க காலமே கிடையாதுப்பா. ஆரிய சமாஜத்துல ஒரு சர்ட்டிபிகேட் வாங்கி, பேரை மாத்தி கெஜட்ல போட்டுட்டு வா. அடுத்த தடவ பாக்கலாம். ஊர்ல எல்லாரும் பண்றதுதான்" என்றார். பொதுப் பட்டியலில் என் நம்பர் கீழே போய்விட்டது. பஸ் செலவுக்கு அத்தையின் தோடு அடகில் இருந்தது.

வீட்டில் மூன்று நாள் பேச்சு. அப்பா ஒப்பந்தக்காரரிடம் கூலி. அவர் சொன்னது: "பேருதான மாத்துறோம், சாமிய மாத்தலயே." அத்தை சொன்னார்: "பொய் சொல்லி வாங்குற சோறு செரிக்காது." இரண்டு பேர் சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது. நான் மாற்றவில்லை. விசுவாச வீரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் சாதியை எனக்குத் திரும்பக் கொடுக்க என் சாமியை அடகு கேட்கிறவன் யார் என்ற ஆத்திரம்தான் முதலில் இருந்தது. விசுவாசம் பிறகுதான் வந்தது, அதுவும் வேறு வழியாக.

சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. வேலை கிடைத்தவர், புரோமோஷன் வந்தவர், ஆப்பரேஷன் இல்லாமல் கட்டி கரைந்தவர் எல்லாம் முன்னால் வந்து சாட்சி சொல்வார்கள். வேலை போனவனுக்குச் சாட்சி கிடையாது. அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பான். அவனைப் பார்த்துச் சொல்ல நாலு வார்த்தை ரெடியாக இருக்கும்: தேவன் சோதிக்கிறார், அவருக்கு வேறு திட்டம் இருக்கிறது, உன் ஜெபத்தில் குறை, உன் வாழ்க்கையில் மறைவான பாவம் ஏதாவது இருக்கா பார். யோபுவின் சிநேகிதர்கள் பேசினதும் இதே பேச்சுதான். அந்தப் புத்தகத்தைக் கடைசி வரைக்கும் படித்தவர்களுக்குத் தெரியும், கடவுள் கோபித்துக்கொள்வது புலம்பிய யோபு மேல் இல்லை, கடவுளுக்காக வக்காலத்து வாங்கின அந்தச் சிநேகிதர்கள் மேல். இது எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. 1950ஆம் வருஷத்து ஆணையின் மூன்றாவது பத்தியை 'மறைவான பாவம்' என்று சொல்லிக்கொடுக்கிற சபை யாருக்கு ஊழியம் செய்கிறது?

ஆனால் சபை என்பது பிரசங்க பீடம் மட்டும் இல்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி அத்தை வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். முதல் ஷிப்டு முடிந்து வந்த பெண்கள், கூட்டிப் பெருக்குகிற வேலை, கல் சுமக்கிற வேலை, குவார்ட்டர்சில் பாத்திரம் தேய்க்கிற வேலை எல்லாம் முடித்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வருவார்கள். அங்கே சாட்சி சொல்ல ஜெயித்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொருத்தியும் தன் வீட்டு விவகாரத்தைக் கடவுளிடம் சொல்கிற சாக்கில் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவாள். யார் வீட்டில் வேலை நின்றது, எந்த மேஸ்திரி கூலியைப் பிடித்துக்கொண்டான், எவன் கையை நீட்டினான், எல்லாம் ஜெபக் குறிப்பாக வந்துவிடும். 'சர்ட்டிபிகேட் பிரச்சனைக்காக' என்று என் பேரும் அந்தப் பட்டியலில் ஏறியது. முதலில் வெட்கமாக இருந்தது. நாலாவது வாரம் பார்த்தால் அதே குறிப்பின் கீழ் ஆறு பேர். அது வரைக்கும் எனக்கு மட்டும் வந்த துரதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தது, ஆறு பேருக்கு வந்திருக்கிற ஒரே சங்கதி என்று அங்கேதான் தெரிந்தது. சங்கத்திலோ கட்சியிலோ இதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அங்கே எங்களை வர்க்கமாகப் பார்த்தார்கள், நல்லதுதான். சான்றிதழ் என்றால் அது 'மதப் பிரச்சனை' என்று தள்ளிவைத்தார்கள்.

இன்னொன்றும் அந்தப் பெண்கள் செய்தார்கள். பிடியரிசிக் காணிக்கை தெரியுமா? சோறாக்கும்போது உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்து டப்பாவில் போட்டுவைத்து, மாசக் கடைசியில் சபைக்குக் கொடுப்பது. தமிழ்க் கிறித்தவப் பெண்களிடம் ரொம்ப காலமாக உள்ள வழக்கம். அந்த வருஷம் அத்தையும் மற்றவர்களும் அந்த அரிசியைச் சபைக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, வேலை நின்ற வீட்டுக்குக் கொடுத்தார்கள். பெரியவர்கள் கேட்டபோது அத்தை, "ஆண்டவருக்குக் குடுத்ததுதான். அவரு இந்த மாசம் அந்த ஊட்ல கீறாரு" என்றார். கொஞ்ச நாள் மனஸ்தாபம் இருந்தது. எங்கள் வீட்டுக்கும் ரெண்டு மாசம் அந்த அரிசி வந்தது. ஏழெட்டு வீட்டு அரிசி, பொன்னியும் குண்டு அரிசியும் ரேஷன் அரிசியும் கலந்து, ஒன்று குழையும் ஒன்று வேகாது. பிற்பாடு மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று சொன்னால் பலருக்குத் தெரியும், எல்லோரும் ஒரே உலையில் ஆக்கிச் சாப்பிடுவதையே இறையியலாகப் பேசினார் என்று கேள்விப்பட்டேன். அவர் 2005இல் காலமானார். எங்கள் அத்தை அவரைக் கேள்விப்பட்டதே இல்லை.

தோழர்கள் மதத்தை அபின் என்று சொல்லும்போது மார்க்சின் அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அதே பத்தியில் மதத் துயரம் என்பது நிஜத் துயரத்துக்கு எதிரான முறையீடும்தான் என்று அவர் எழுதியதை விட்டுவிடுகிறார்கள். சங்கீதப் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடு. ஏன் தூங்குகிறீர், எவ்வளவு காலம் என்று கடவுளை நேராகக் கேட்கிற பாட்டுகள். அத்தை வீட்டில் அதைத்தான் மாற்றி மாற்றிப் படித்தார்கள். அழுது முடித்தவர்கள் மறுநாள் காலையில் எழுந்து வேலைக்குப் போனார்கள். நான் வெல்டிங் வேலைக்குப் போனேன், ஒப்பந்தக்காரர் மாறிக்கொண்டே இருக்கிற வேலை. அந்த மூன்று வருஷத்தில் சாராயத்துக்கு நான் போகவில்லை என்றால் அந்த வீட்டுத் திண்ணைதான் காரணம். எங்களில் நாலு பேர் சேர்ந்து கலெக்டருக்கு முதல் மனு எழுதியதும் அதே திண்ணையில், ஜெபம் முடிந்த பிறகு.

பெரியப்பா மகன், என் அண்ணன், மறுபக்கம் போனவர். இந்து என்று சான்றிதழ் வாங்கி ஒரு மத்திய அலுவலகத்தில் சேர்ந்தார். வீட்டில் ஒரு பேர், ஆபீசில் ஒரு பேர். ஞாயிறு காலை ரெண்டு ஊர் தள்ளி, பஸ் ஏறிப் போய்க் கோயிலில் கடைசியில் நிற்பார். பிள்ளைகளுக்குப் பைபிள் பேர் வைக்கவில்லை. பெரியம்மா செத்தபோது அடக்கத்துக்கு ஆபீஸ்காரர்கள் வந்துவிடுவார்களோ என்று யாருக்கும் தகவல் சொல்லவில்லை. ஒரு மொட்டைக் கடிதம் வந்தால் போதும், விசாரணை, வீட்டுச் சுவரில் யார் படம், கல்யாணம் எந்த முறையில், பிணத்தை எங்கே புதைத்தீர்கள். முப்பத்தொரு வருஷம் அந்தக் கடிதத்தை எதிர்பார்த்தே வேலை பார்த்தார். அவரைக் கோழை என்று சபையில் சொன்னார்கள். நான் சொல்லமாட்டேன். அவர் சம்பளத்தில் எங்கள் வீட்டில் ரெண்டு பேர் படித்தார்கள். அவர் ஜெபிப்பதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன், உதடு அசையாது.

எங்களுக்கு முன்னால் இந்தச் சண்டையை உச்சநீதிமன்றம் வரை கொண்டுபோனவர் ஒரு செருப்புத் தைக்கிற தொழிலாளி. பேர் சூசை. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மவுண்ட் ரோட்டில் சேருகிற முனையில், பிளாட்பாரத்தில் உட்கார்ந்து தொழில் செய்தவர். மத்திய உதவியில் பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது. அவருக்கு அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்து ஆதிதிராவிடர்களுக்குக் கிடைத்தது. சூசை கிறித்தவர், அவருக்கு இல்லை. அதே தோல், அதே ஊசி, அதே வெயில். 1985 செப்டம்பர் 30இல் உச்சநீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. சாதி மதமாற்றத்துக்குப் பிறகும் தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, கிறித்தவ சமூகத்துக்குள்ளும் அதே அளவு கொடிய ஒடுக்குமுறை இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும், அதற்கான விவரம் எங்கள் முன் இல்லை என்றது.

விவரம் இல்லையா? 1745இல் புதுச்சேரி சம்பா கோயிலில் பறையர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் எழுப்பியிருந்த சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்தோணிராஜ் அடிகளார் 1992இல் தமிழகத் தலித் கிறித்தவர் மேலான பாகுபாட்டை ஆய்வாக எழுதினார். அதே 1992இல் மடத்தை விட்டு வெளியே வந்த பாமா 'கருக்கு' எழுதினார். துறவறத்தை விட்டால் வேலையும் இல்லை, தங்க இடமும் இல்லை என்ற நிலையில் எழுதிய புத்தகம் அது. 2008 மார்ச்சில் எங்கள் பக்கத்து எறையூரில், தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டதற்காக நடந்த தாக்குதலும், தொடர்ந்து போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறித்தவர் இரண்டு பேர் செத்ததும் ஊரறிந்தது. ஒரே மறைமாவட்டம், ஒரே திருப்பலி. கல்லறைக்குப் போகிற பாதை வரைக்கும் தகராறு. நீதிமன்றம் கேட்ட ஆதாரத்தை மறைத்து வைத்திருந்தது யார் என்றால், எங்கள் திருச்சபைத் தலைமைகள்தான். எங்களிடம் சாதி இல்லை என்று மேடையில் சொல்லிக்கொண்டு, டெல்லிக்குப் போய் எங்களிடம் சாதி இருக்கிறது, சலுகை கொடுங்கள் என்று கேட்டால் யார் நம்புவான்?

நீதிமன்றங்களின் இன்னொரு கோட்பாடும் உண்டு. கோலார் தங்கவயலும் நம் மாதிரி சுரங்கச் சீமை, நம் சனங்கள் பூமிக்குள் இறங்கிச் செத்த இடம். அங்கே தனித்தொகுதியில் 1967இல் ஜெயித்த எஸ்.ராஜகோபால், 1949இல் கிறித்தவரானவர் என்பதால் 1968இல் பதவி இழந்தார். 1972இல் மறுபடி ஜெயித்தார். இந்த முறை 1975 டிசம்பரில் உச்சநீதிமன்றம், அவர் இந்துவாகத் திரும்பிவிட்டார், சாதியும் அவரை ஏற்றுக்கொண்டுவிட்டது, தேர்தல் செல்லும் என்றது. பிற்பாடு வேறொரு வழக்கில் இதற்குக் கிரகணம் என்றே உவமை வந்தது. மதம் மாறினால் சாதி மறைகிறது, திரும்பினால் வெளியே வருகிறது. சாதி சாகவே சாகாது என்று நீதிமன்றமே ஒத்துக்கொள்கிறது, பாருங்கள். மறைந்திருக்கிற காலத்தில் உரிமை மட்டும்தான் இல்லை. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடந்தால் அடிக்கிறவனுக்கு அந்தக் கிரகணம் தெரிவதில்லை. அடிபட்டவன் கிறித்தவன் என்றால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவனுக்கு இல்லை.

கேரளத்தில் ஒருவர், தாத்தா காலத்தில் மாறின குடும்பம், 24 வயதில் இந்துவாகத் திரும்பி, பட்டியல் சாதிச் சான்றிதழில் வேலைக்குச் சேர்ந்தவர். சான்றிதழ் செல்லாது என்று சொல்லி வேலையை விட்டு நீக்கி, வாங்கின சம்பளத்தில் 15 லட்சம் ரூபாயைத் திரும்பக் கட்டச் சொன்னார்கள். 2015 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்தது நம் பக்கத்துப் புதுச்சேரி. மேல்நிலை எழுத்தர் தேர்வு எழுதிய ஒரு பெண்ணுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கின ஞானஸ்நானப் பதிவுதான் அவருக்கு எதிரான சாட்சி. தான் இந்து என்று அவர் சொன்னதை ஏற்காமல், விசுவாசம் ஒன்று, இட ஒதுக்கீட்டுக்காகச் சொல்லிக்கொள்வது ஒன்று என்றால் அது அரசியலமைப்பின் மேல் செய்கிற மோசடி என்று 2024 நவம்பர் 26இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்றைக்கு அரசியலமைப்பு நாள். அந்தச் செய்தி வந்த வாரம் அண்ணன், ரிட்டயர் ஆன மனுஷன், எனக்குப் போன் பண்ணி, "பென்ஷன்ல கை வைப்பானுங்களாடா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் சிலர் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஜெபம் மட்டும் பண்ணுங்கள், பதிவேட்டில் எழுத வேண்டாம் என்று கேட்கிறார்கள். கொடுக்கிறவருக்கும் சங்கடம், கேட்கிறவளுக்கும் சங்கடம்.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அந்த மூன்றாவது பத்தியை எடுத்துவிடச் சொல்லிப் பரிந்துரைத்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது. அதே 2007இல் தமிழக அரசு கிறித்தவர்களுக்கென்று 3.5 விழுக்காடு தனியாக ஒதுக்கியது. அதில் நஷ்டம்தான் என்று கண்டு, கிறித்தவத் தரப்பே வேண்டாம் என்று கேட்டு 2008இல் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பேரத்தில் தலித் கிறித்தவனுக்கு எவ்வளவு என்று ஆயர்கள் யாரிடமும் கேட்கவில்லை. 2004இல் உச்சநீதிமன்றத்தில் போட்ட மனு இருபது வருஷம் தாண்டியும் தீர்ப்பில்லாமல் நின்றது. 2022 அக்டோபரில் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு இன்னொரு ஆணையம் வைத்து, கெடுவை நீட்டிக்கொண்டு போனது. 2023 ஏப்ரல் 19இல் தமிழகச் சட்டமன்றம் மதம் மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். அன்றைக்கு மட்டும் ஆயர்களும் கறுப்புத் துணி கட்டிக்கொள்கிறார்கள்.

இதற்குள் வேலையே மாறிவிட்டது. முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. அந்த வருஷம் ஜூலை 1இல் இரண்டாவது நிலையத்துக் கொதிகலன் வெடித்துச் செத்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் உண்டு. ஒப்பந்த வேலைக்கு இட ஒதுக்கீடு என்ற பேச்சே கிடையாது, அங்கே எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. பட்டியல் சாதிச் சான்றிதழ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பையனும் பி.சி. சான்றிதழ் வைத்திருக்கும் எங்கள் வீட்டுப் பையனும் ஒரே வண்டியில் ஏறுகிறார்கள். நாங்கள் எழுதின மனுவில் அதனால் இப்போது கையெழுத்து இரண்டு பக்கத்திலிருந்தும் விழுகிறது. அத்தை இறந்து வருஷமாயிற்று. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை அவர் மருமகள் நடத்துகிறார். போன மாசம் ஒப்பந்தக்காரர் மாறியதில் பதினோரு பேருக்கு வேலை நின்றது. அதில் நாலு பேர் மாரியம்மன் கோயில் வீட்டுக்காரர்கள். பிடியரிசி அவர்கள் வீட்டுக்கும் போனது.